ஒரு நாற்காலி குறைந்தபோது

தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்துக்கு வெளியே ஒரு டீக்கடை. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. வீடு இடக்கொச்சியில். டீ ஆற்றும்போது மலையாளம், கல்லாவில் சில்லறை எண்ணும்போது தமிழ்.

“அண்ணாச்சி, உங்க எம்.எல்.ஏ. யாரு?” என்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.

“எந்தக் காலத்து எம்.எல்.ஏ.வக் கேக்கீங்க, சார்?” என்று அவர் திருப்பிக் கேட்டார். “முன்னால பள்ளுருத்தி தொகுதி. ஏதாவது ஒரு கல்யாணத்துல, சாவு வீட்டுல எம்.எல்.ஏ.வப் பாத்துரலாம். 2011-லேர்ந்து எங்கள திருப்பூணித்துறையோட சேத்துட்டாங்க. அது காயலுக்கு அந்தப் பக்கம்லா கெடக்கு. நாங்க எங்கயும் போகல. இருந்த எடத்துலதான் இருக்கோம்.”

அவர் சொன்னதில் மிகை இல்லை. கொச்சியின் மேற்குக் கரை வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் புரியும். இடக்கொச்சியிலிருந்து திருப்பூணித்துறைக்கு ரோட்டில் போக வேண்டுமென்றால் ஒன்று தெற்கே பாலம் ஏறி, ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த அரூரைத் தொட்டு, இன்னொரு பாலம் வழியாக மறுபடியும் எர்ணாகுளம் மாவட்டத்துக்குள் வர வேண்டும். அல்லது தோப்பும்படிக்கு வந்து, வில்லிங்டன் தீவைக் கடந்து, குண்டன்னூர் வழியாகச் சுற்ற வேண்டும். இந்தப் பக்கம் இறால் கட்டும் மீன் லாரியும். அந்தப் பக்கம் கொச்சி மகாராஜாக்களின் பழைய தலைநகரம், பூர்ணத்ரயீசர் கோயில், ஹில் பேலஸ், அத்தச்சமய ஊர்வலம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே எம்.எல்.ஏ. என்று டெல்லியில் ஒரு கமிஷன் முடிவு செய்தது.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறைக் கமிஷன் அது. 2002-ல் அமைந்தது. 2001 ஜனத்தொகைக் கணக்கை வைத்து நாடு முழுவதும் கோடுகளைத் திருத்திப் போட்டது. அதன் உத்தரவுகள் 2008-ல் நடைமுறைக்கு வந்தன. கேரள சட்டமன்றத்துக்கு அந்தக் கோடுகள் முதன்முதலாக உபயோகமானது 2011 தேர்தலில். அதுவரை கேரளம் ஓட்டுப் போட்டது 1971 கணக்கெடுப்பை ஆதாரமாகக் கொண்ட தொகுதிகளில். முப்பது வருஷத்துக்கு மேல் மாறாமலிருந்த எல்லைகள் என்றால், ஒரு தலைமுறை அரசியல்வாதி முழுதாக அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்து மந்திரியாகி ஓய்வும் பெற்றுவிடலாம். பல பேர் அப்படித்தான் செய்தார்கள்.

எர்ணாகுளம் மாவட்டத்துக்கு முன்பும் 14 தொகுதி, பின்பும் 14 தொகுதி. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றும் மாறவில்லை. ஆனால் மட்டாஞ்சேரி, பள்ளுருத்தி, ஞாறக்கல், வடக்கேக்கரை ஆகிய நான்கு பெயர்கள் பட்டியலிலிருந்து மறைந்தன. கொச்சி, வைப்பின், களமசேரி, திருக்காக்கரை என்று நான்கு புதிய பெயர்கள் வந்தன. ஞாறக்கலின் இடத்தில் வைப்பின் என்று வைத்துக்கொள்ளலாம். அதை விட்டுவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். பழைய துறைமுகக் கரையில் மட்டாஞ்சேரி, பள்ளுருத்தி என்று இரண்டு இருந்த இடத்தில் கொச்சி என்ற ஒன்று. உள்நாட்டுப் பக்கம், தொழிற்சாலைகளும் காக்கநாட்டு அடுக்குமாடிகளும் இன்ஃபோபார்க்கும் பெருகிய இடத்தில், இரண்டு புதிய தொகுதிகள். டச்சுக்காரர்களும் யூதர்களும் கொங்கணிகளும் கச்சி மேமன்களும் குஜராத்திகளும் தமிழ் வண்ணார்களும் நூற்றாண்டுகளாக நெருக்கியடித்து வாழ்ந்த கரை, ஜனத்தொகைக் கணக்கில் தோற்றுப்போனது. அங்கே இனி வீடு கட்ட இடமில்லை. வீடு கட்டுகிறவன் எங்கே போகிறானோ அங்கே நாற்காலியும் போகிறது.

புதிய கொச்சித் தொகுதியில் மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சிப் பகுதிகளின் கார்ப்பரேஷன் வார்டுகளும் தெற்கே கடலோர செல்லானம், கும்பளங்கி பஞ்சாயத்துகளும் வந்தன. பள்ளுருத்தி இரண்டாக உடைந்தது. அதன் ஒரு பகுதி வார்டுகள் கொச்சியோடு நின்றன. மிச்சம், இடக்கொச்சியோடு சேர்ந்து, காயலைத் தாண்டித் திருப்பூணித்துறைக்குப் போயின. தோப்பும்படி ஜங்ஷனில் நின்றால் இரண்டு தொகுதியும் நடக்கிற தூரம்தான்.

இப்படி ஒரு நாற்காலி குறையும்போது யார் எங்கே உட்காருவது? 2011-ல் நடந்தது கிட்டத்தட்ட குழந்தைகள் பிறந்த நாள் விருந்தில் ஆடும் நாற்காலி விளையாட்டு. மட்டாஞ்சேரியின் எம்.எல்.ஏ. முஸ்லிம் லீக்கின் வி.கே. இப்ராகிம் குஞ்ஞு. அவர் புதிய களமசேரிக்கு மாறினார், ஜெயித்தார், மந்திரியும் ஆனார். பள்ளுருத்தி எம்.எல்.ஏ. மார்க்சிஸ்ட் கட்சியின் சி.எம். தினேஷ்மணி. அவருடைய தொகுதியில் ஒரு துண்டு திருப்பூணித்துறைக்குப் போனதால் அவரும் அதோடு அங்கே போனார். 1991 முதல் அங்கே அசையாமல் உட்கார்ந்திருந்த காங்கிரஸின் கே. பாபுவிடம் 15,778 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். மூன்றாமவர்தான் இந்தக் கட்டுரையின் நாயகர். டொமினிக் பிரசன்டேஷன்.

வெளியூர்க்காரர் காதுக்குச் சற்று வேடிக்கையாக விழும் பெயர். மாதாவைத் தேவாலயத்தில் காணிக்கையாக்கிய திருநாளை நினைவூட்டும் இந்த மாதிரிப் பெயர்கள் லத்தீன் கத்தோலிக்கக் கடற்கரையில் யாரையும் திரும்பிப் பார்க்க வைப்பதில்லை. பள்ளுருத்தியின் பிரதிநிதியாக சட்டமன்றத்துக்குப் போனவர். உம்மன் சாண்டியின் முதல் அமைச்சரவையில் மீன்வளத்துறையும் விளையாட்டுத்துறையும் அவர் கையில் இருந்தன. 2006-ல் பள்ளுருத்தி இடதுசாரிகளிடம் போயிற்று. 2009-ல் எர்ணாகுளம் எம்.எல்.ஏ.வாக இருந்த கே.வி. தாமஸ் லோக்சபாவுக்குப் போய்விட, அந்த இடைத்தேர்தலில் டொமினிக் நின்று ஜெயித்தார். ஆக 2011-ல் அவர் எர்ணாகுளத்தின் நடப்பு எம்.எல்.ஏ. ஆனால் கட்சி எர்ணாகுளத்தை இளைஞர் ஹைபி ஈடனுக்குக் கொடுத்து, டொமினிக்கைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், புதிதாகப் பிறந்த கொச்சித் தொகுதிக்கு அனுப்பியது.

அமெரிக்காவில் ‘காங்கிரஸ்மேன்’ என்றால் அவர்களுடைய கீழ்சபை உறுப்பினர் என்று அர்த்தம். எந்தக் கட்சியாகவும் இருக்கலாம். அங்கே பத்து வருஷத்துக்கு ஒரு முறை எல்லைக் கோடு மாறும். பெரும்பாலான மாநிலங்களில் கோடு போடுவது அந்தந்த மாநில சட்டசபைதான். அதாவது ஆளும் கட்சி தனக்கு வேண்டிய வாக்காளர்களைத் தானே பொறுக்கிக்கொள்ளலாம். 1812-ல் மாசசூசெட்ஸ் கவர்னர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி கையெழுத்திட்ட ஒரு வரைபடம் பல்லி மாதிரி நெளிந்ததில் அந்த வித்தைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அப்படிப்பட்ட தொகுதிகளில் முதலில் சிக்கிக்கொள்வது நடுநிலைக்காரர். சொந்தக் கட்சியின் உட்தேர்தலில் தீவிரவாதிகள் அவரை வறுப்பார்கள். தப்பித்து வந்தால் பொதுத்தேர்தலில் எதிர்க்கட்சி வறுக்கும்.

இந்தியாவில் கோடு போடும் வேலை அரசியல்வாதி கையில் இல்லை. அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். கமிஷனில் நீதிபதியும் தேர்தல் அதிகாரிகளும் இருப்பார்கள். எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் துணை உறுப்பினர்களாக உட்காரலாம், பேசலாம். ஓட்டுரிமை கிடையாது. கமிஷன் போட்ட கோட்டை எதிர்த்துக் கோர்ட்டுக்கும் எளிதில் போக முடியாது. அரசியல் சட்டத்தின் 329-வது ஷரத்து குறுக்கே நிற்கிறது. எனவே கொச்சியின் கோட்டை எந்தக் கட்சியும் தன் லாபத்துக்கு வளைத்தது என்று சொல்ல நான் தயாரில்லை. ஆனால் நேர்மையான கோடும் வெட்டத்தான் செய்கிறது. அது வெட்டுவது கட்சியை அல்ல, பழக்கத்தை.

நம்மூர் நடுநிலைக் காங்கிரஸ்காரர் என்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். கொச்சிக் கரையில் அவர் கொள்கைப் பிரசங்கம் செய்து ஓட்டு வாங்குகிறவர் அல்ல. பாதிரியாருக்கு ஒரு வணக்கம், பள்ளிவாசல் கமிட்டிக்கு ஒரு தலையசைப்பு, கொங்கணிக் கோயில் திருவிழாவில் முன்வரிசை, சுமை தூக்குவோர் யூனியன் தகராறில் மத்தியஸ்தம். யாரிடமும் கத்தமாட்டார், யாரையும் முழுக்கத் திருப்திப்படுத்தவும் மாட்டார். அவர் மூலதனம் முகப் பழக்கம். இருபது வருஷமாக ஒரே தெருவில் நடந்து சேர்த்த சொத்து அது. மார்க்சிஸ்ட் கட்சிக்கு வார்டுக் கமிட்டி இருக்கிறது. தொகுதி எல்லை மாறினால் கமிட்டி மறுநாள் வேறு பெயரில் கூடும். தினேஷ்மணி திருப்பூணித்துறையில் தோற்றபோது திரும்பி வர அவருக்கு ஒரு கட்சி அலுவலகம் இருந்தது. பழக்கத்தை நம்பிப் பிழைக்கும் காங்கிரஸ்காரருக்குத் தொகுதியே அலுவலகம்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதல்ல. அதே கோடுகள் 2009 லோக்சபா தேர்தலில் இங்கேயும் காங்கிரஸின் பெரிய பெயர்களைப் பதம் பார்த்தன. மயிலாடுதுறையில் குத்தாலம் சட்டமன்றத் தொகுதி மறைந்து பாபநாசம் சேர்ந்தது. மணி சங்கர் அய்யர் அ.தி.மு.க.வின் ஓ.எஸ். மணியனிடம் 36,854 ஓட்டில் தோற்றார். புதுக்கோட்டை என்ற லோக்சபா தொகுதியே காணாமல் போனது. அந்த மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளைத் திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று நாலு பக்கம் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். சிவகங்கைப் பங்கில் ஆலங்குடியும் வந்தது. அப்போது உள்துறை மந்திரியாக இருந்த ப. சிதம்பரம் அங்கே கரையேறியது 3,354 ஓட்டு வித்தியாசத்தில். கோடு மாறியதால் மட்டும் இப்படி ஆயிற்று என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஈழத்தில் போர் முடியும் தறுவாயில் நடந்த தேர்தல் அது. ஆனால் தங்களுக்குப் பழக்கமில்லாத ஊர்களில் நின்று கைகூப்ப வேண்டியிருந்தது என்பது நிச்சயம்.

கொச்சிக்குத் திரும்புவோம். 2011-ல் டொமினிக்குக்கு எல்லாம் சுலபமாக முடிந்தது போலத் தெரிந்தது. அவருக்கு 56,352 ஓட்டு. எதிரே மார்க்சிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு உறுப்பினர் எம்.சி. ஜோசஃபைன், பிற்பாடு மாநில மகளிர் கமிஷன் தலைவியாகி 2022-ல் காலமானவர். அவருக்கு 39,849. வித்தியாசம் 16,503. மாவட்டத்தில் 14-க்கு 11 ஐக்கிய ஜனநாயக முன்னணிக்கு. மாநிலத்தில் 72-க்கு 68 என்று மயிரிழையில் உம்மன் சாண்டி ஆட்சி அமைத்தபோது அந்த ஆட்சியைத் தாங்கிய தூண்களில் ஒன்று எர்ணாகுளம் மாவட்டம்.

பெரிய வித்தியாசத்தில் ஜெயிப்பதில் ஓர் ஆபத்து உண்டு. அந்த சீட்டின் மேல் ஊரில் உள்ளவர்கள் கண் எல்லாம் விழும். மட்டாஞ்சேரி லீக்குக்கு, பள்ளுருத்தி காங்கிரஸுக்கு என்று முன்பு முன்னணிக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. இரண்டு தொகுதி இருந்தபோது காத்திருந்தவர்களுக்கு இரண்டு வாசல். அதில் ஒன்று அடைபட்டது. ‘அடுத்த முறை பார்க்கலாம்’ என்று சமாதானம் சொல்லிக் காலம் கடத்துவது காங்கிரஸின் பழைய மருந்து. ஒரே வாசலில் அந்த மருந்து எத்தனை பேருக்கு வேலை செய்யும்? அமெரிக்கர்களுக்கு உட்கட்சித் தேர்தல் என்று ஒரு வடிகால் இருக்கிறது. நமக்கு அது இல்லாததால் உட்கட்சித் தேர்தலையும் பொதுத்தேர்தல் அன்றே சேர்த்து நடத்திவிடுகிறோம். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் அதிருப்தி வேட்பாளர்.

2016 மே. டொமினிக் பிரசன்டேஷன் அதே கொச்சியில் மறுபடியும் நின்றார். சோலார் விவகாரம், பார் லஞ்சப் புகார் என்று ஆட்சியின் சட்டை முழுக்கக் கறை. எதிரே உள்ளூர் மார்க்சிஸ்ட் தலைவர் கே.ஜே. மாக்சி. பக்கவாட்டில் காங்கிரஸின் அதிருப்தியாளர் கே.ஜே. லீனஸ். பாரதீய ஜனதாவின் பிரவீண் தாமோதர பிரபு 15,212 ஓட்டு வாங்கினார். ஓட்டு எண்ணி முடிந்தபோது மாக்சிக்கு 47,967. டொமினிக்குக்கு 46,881. வித்தியாசம் 1,086. லீனஸ் பெற்றது 7,588.

கடைசி இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால் கதை முடிந்துவிட்டது என்று தோன்றும். கொச்சிக் காங்கிரஸ்காரர்கள் பலரும் அப்படித்தான் முடித்துக்கொண்டார்கள். எனக்கு அவ்வளவு சுலபமாகத் தோன்றவில்லை. லீனஸுக்குப் போட்டவர்களில் எத்தனை பேர், அவர் நிற்காவிட்டால் வாக்குச்சாவடிக்கே வந்திருப்பார்கள்? எத்தனை பேர் மாக்சிக்குப் போட்டிருப்பார்கள்? மேலும், ஐந்து வருஷத்தில் டொமினிக் இழந்தது 9,471 ஓட்டு. இடதுசாரிகள் சேர்த்தது 8,118. அதிருப்தியாளர் ஒருவர் தனியாக இவ்வளவும் செய்ய முடியாது.

அலை என்பார்கள். அலைதான். மாநிலத்தில் இடதுசாரிகளுக்கு 91, காங்கிரஸ் முன்னணிக்கு 47. ஆனால் எர்ணாகுளம் மாவட்டம் அந்த அலையிலும் முழுகவில்லை. 14-ல் 9 காங்கிரஸ் முன்னணியிடமே நின்றது. முழுகிய ஐந்தில் இரண்டு எவை என்பதுதான் என் கவனத்தைப் பிடித்தது. கொச்சியும் திருப்பூணித்துறையும். பழைய பள்ளுருத்தியை வெட்டிப் பங்கு போட்டுக்கொண்ட அதே இரண்டு.

திருப்பூணித்துறையில் கே. பாபு விழுந்ததற்குக் காரணம் தேட வரைபடம் வேண்டாம் என்பார்கள். கலால் துறை மந்திரி. பார் உரிமப் புகாரில் 2016 ஜனவரியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்து, பிறகு பதவியில் தொடர்ந்தவர். அவருக்கு சீட் கொடுக்கக் கூடாது என்று மாநிலக் கட்சித் தலைவர் வி.எம். சுதீரன் டெல்லியில் மல்லுக்கு நின்றார். உம்மன் சாண்டி விடவில்லை. மார்க்சிஸ்ட் கட்சி இளைஞர் எம். ஸ்வராஜை நிறுத்தியது. பாபு தோற்றது 4,467 ஓட்டில். கால் நூற்றாண்டில் அவருக்கு அங்கே முதல் தோல்வி. பழைய திருப்பூணித்துறையாக இருந்திருந்தால் கோயில் நடையில் இருபத்தைந்து வருஷம் கும்பிட்ட பழக்கம் அந்த 4,467-ஐ ஈடுகட்டியிருக்குமா? நிரூபிக்க வழியில்லாத கேள்விதான். ஆனால் காயலுக்கு இந்தப் பக்கம் அவர் ஐந்து வருஷப் புதியவர். புகாரை மட்டும் பத்திரிகையில் படித்தவர்களுக்கும், புகாரைப் படித்துவிட்டு ‘இருந்தாலும் நம்ம பாபு’ என்று சொல்கிறவர்களுக்கும் வித்தியாசம் உண்டு. இதே பாபு 2021-ல் ஸ்வராஜிடமிருந்து அந்த இடத்தைத் திரும்பப் பிடித்தார், 992 ஓட்டில். அது கோர்ட்டுக்குப் போய், 2024-ல் கேரள ஹைகோர்ட் அவர் வெற்றி செல்லும் என்றது.

டொமினிக்குக்கு அந்தத் திரும்பப் பிடிக்கும் வாய்ப்பு வரவில்லை. மாவட்டத்தில் முன்னணியின் தலைவர் பொறுப்பில் இருந்தார். ஆனால் 2021-ல் கொச்சியில் கட்சி நிறுத்தியது முன்னாள் மேயர் டோனி சம்மணியை. அவர் பெற்றது 40,553. மாக்சி 54,632. வித்தியாசம் 14,079. அதாவது டொமினிக் தோற்றபோது வாங்கியதைவிடக் குறைவு. லீனஸ் கணக்கைச் சொல்லி ஆறுதல் தேடியவர்கள் இந்த எண்ணையும் பார்க்க வேண்டும். அந்தத் தேர்தலில் 19,676 ஓட்டு எங்கே போயிற்று தெரியுமா? ட்வென்டி-20 என்ற புதுக் கட்சிக்கு. கிழக்கம்பலத்தில் ஓர் ஆடைக் கம்பெனியின் ஆதரவில் பிறந்த கட்சி, காயல் தாண்டி இங்கே வந்து கிட்டத்தட்ட இருபதாயிரம் பேரை இழுத்தது.

செல்லானம் போய்ப் பார்த்தால் ஏன் என்று ஓரளவு விளங்கும். வருஷாவருஷம் மழைக்காலத்தில் கடல் வீட்டுக்குள் வரும் ஊர். 2017-ல் ஒக்கிப் புயல் வந்தபோது அலை ரோட்டைத் தாண்டி அடித்தது. சட்டமன்றத்தில் எந்தக் கட்சி உட்கார்ந்தாலும் கருங்கல்லைக் கொட்டி, கல்லைக் கடல் விழுங்கி, மறுபடியும் கொட்டுவார்கள். 2020 உள்ளாட்சித் தேர்தலில் இந்த ஊரிலேயே ட்வென்டி-20 என்ற பெயரில் ஜனங்கள் தனிக் கூட்டணி கட்டி, பழைய கட்சிகளிடமிருந்து வார்டுகளைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் 344 கோடி ரூபாயில் டெட்ராபாட் சுவர் வந்தது. நாலு கால் நீட்டிய கான்கிரீட் பாறைகள் கரையோரம் அடுக்கிக் கிடக்கின்றன. சுவர் இருக்கும் இடத்தில் வீடுகளில் தண்ணீர் இல்லை. சுவர் முடியும் இடத்திலிருந்து தெரியும் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. நடுநிலை அரசியல்வாதி இந்த மாதிரி இடத்தில்தான் திணறுகிறார். சமாதானம் பேசிக் கடலை நிறுத்த முடியாது.

பக்கத்துக் கும்பளங்கிக்காரர் கே.வி. தாமஸைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. கல்லூரியில் ரசாயனம் போதித்த பேராசிரியர். யாரையும் பகைத்துக்கொள்ளாமல் ஐந்து முறை எர்ணாகுளத்திலிருந்து லோக்சபாவுக்குப் போனவர். 2014-ல் அவர் ஜெயித்தது 87,047 ஓட்டில். 2019-ல் கட்சி அவருக்கு சீட் கொடுக்கவில்லை. 2022-ல் திருக்காக்கரை இடைத்தேர்தலில் இடதுசாரி மேடையில் ஏறினார். மறு வருஷம் பினராயி அரசின் டெல்லிப் பிரதிநிதி ஆனார். இவரைத் தோற்கடித்தது கோடும் அல்ல, ஓட்டும் அல்ல, கட்சியின் பட்டியல். நடுநிலைக்கு ஒரு வசதி, எந்தப் பக்கத்துக் கதவும் முழுக்க சாத்தியிருக்காது.

மேற்குக் கொச்சி ஜனங்களுக்கு இந்தக் கணக்கில் என்ன மிஞ்சியது? முன்பு திருவனந்தபுரத்தில் இந்தக் கரைக்காக எழுந்து பேச இரண்டு பேர் இருந்தார்கள். பிறகு ஒன்றரை. அந்த அரையும் காயலுக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவர். 2001-ல் தனியார் கட்டி சுங்கம் வசூலித்த தோப்பும்படிப் பாலத்துக்கு ஜனங்கள் வைத்த பெயரே பி.ஓ.டி. பாலம், 2014-ல் சுங்கம் நிற்கும்வரை அதற்காக எத்தனை போராட்டம். குடிநீர், கடலரிப்பு, துறைமுகச் சேறு, பழைய பாலத்தின் துரு. இவை எதுவும் 2008-ல் பாதியாகவில்லை. கேட்கும் வாய்தான் குறைந்தது. ஜனத்தொகை குறைவாக வளர்ந்ததற்குக் கிடைத்த பரிசு.

இந்த இடத்தில் கொச்சி வாசகரும் சென்னை வாசகரும் ஒரே மாதிரி நிமிர்ந்து உட்காருவார்கள் என்று நினைக்கிறேன். 1976-ல் உறைய வைத்த மாநிலவாரி எண்ணிக்கையை, 2001-ல் வாஜ்பாய் அரசு கொண்டுவந்த 84-வது திருத்தம், 2026-க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்புவரை நீட்டித்தது. அதனால்தான் குல்தீப் சிங் கமிஷன் மாநிலத்துக்குள்ளே மட்டும் நாற்காலிகளை நகர்த்தியது. கேரளத்தின் 20-ம் தமிழ்நாட்டின் 39-ம் தப்பின. அடுத்த கணக்கெடுப்புக்கான தேதியாக 2027 மார்ச் 1 என்று 2025-ல் அறிவிப்பு வந்தது. அதே 2025 மார்ச் 22-ம் தேதி சென்னையில் மு.க. ஸ்டாலின் கூட்டிய கூட்டத்தில் பினராயி விஜயன் வந்து உட்கார்ந்தார். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்களுக்கு தண்டனையா என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மட்டாஞ்சேரிக்காரர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் எழுந்து, “எங்கள் நாற்காலியை எடுத்துக் களமசேரிக்குக் கொடுத்தபோது நீங்கள் யாரும் கூட்டம் போடவில்லையே” என்று கேட்டிருந்தால் மேடையில் இருந்தவர்கள் என்ன பதில் சொல்லியிருப்பார்கள்? ஜனத்தொகைதான் நியாயம் என்றால் டெல்லிக்கும் அதே நியாயம். ஜனத்தொகை மட்டும் நியாயம் அல்ல என்றால் பள்ளுருத்திக்கும் அதைச் சொல்லியிருக்க வேண்டும். இதற்கு என்னிடமும் சுத்தமான விடை இல்லை. ஒரு நாட்டின் கூட்டாட்சி ஒப்பந்தமும் ஒரு மாவட்டத்தின் வார்டுக் கணக்கும் ஒன்றல்ல என்று வாதாடலாம், நானே வாதாடுவேன். இடக்கொச்சி அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லத்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

டீக்குக் காசு கொடுக்கும்போது, அடுத்த முறை கோடு போட்டால் எங்கே போக ஆசை என்று அவரைக் கேட்டேன். “எங்க வேணா போடட்டும், சார். ஓட்டுப் போடுத ஸ்கூலு மட்டும் பக்கத்துல இருந்தாப் போதும்” என்றார்.

எதிரே துறைமுகத்தில் தூத்தூர்ப் பக்கத்துப் படகு ஒன்று ஆழ்கடலுக்குப் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தது. கன்னியாகுமரி மாவட்டத்துப் பையன்கள் வரிசையாக நின்று ஐஸ் பெட்டிகளைக் கைமாற்றினார்கள். இந்தத் துறைமுகத்தின் சூறைச் சரக்கில் பெரும் பங்கு அவர்கள் வலையிலும் தூண்டிலிலும் வருவது. ஒக்கியில் இங்கிருந்து போய்த் திரும்பாதவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்கு ஓட்டு இங்கே இல்லை, கிள்ளியூரில். தேர்தலுக்கு ஊர் போவீர்களா என்று கேட்டேன். அன்றைக்குக் கரையில் இருந்தால் போவோம் என்றான் ஒருவன், ஐஸைக் கீழே வைக்காமல்.